எட்டு இடத்திலும் ஒரே பாட்டு

சன்னல் பக்கம் நீங்களே உக்காந்துக்குங்க தம்பி. எனக்கு எந்தப் பக்கம் உக்காந்தாலும் ஒண்ணுதான். பொள்ளாச்சிக்குங்களா? நானும் பொள்ளாச்சிக்குத்தானுங்க. நல்லதாப் போச்சு, பேசிக்கிட்டே போயிரலாம். அந்தக் காதுல மாட்டியிருக்கறதை மட்டும் கழட்டிட்டீங்கன்னா சௌகரியமா இருக்கும். ஆங், அப்படி. ஒருத்தர் மட்டும் காதுக்குள்ள வெச்சுக்கிட்டுக் கேக்கறது என்ன கேள்விங்க? பாட்டுன்னா பத்துப் பேருக்குக் கேக்கணும்.

என் பேரு நாச்சிமுத்து. தாராபுரம் பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரா இருந்து ரிட்டயர் ஆனவன். இருபத்தாறு வருஷமுங்க. சின்ன ரூமு, ஒரு நோட்டு, ஒரு கடியாரம், ஒரு மைக்கு. "உடுமலை வழியாகப் பொள்ளாச்சி செல்லும் பேருந்து இன்னும் ஐந்து நிமிடத்தில் புறப்படும், பயணிகள் உடனடியாக ஏறிக்கொள்ளவும்." கேட்டிருப்பீங்க. இந்தப் பக்கம் வந்து போறவங்க என் கொரலைக் கேக்காம இருந்திருக்க முடியாதுங்க. கக்கூஸ்ல இருந்தாக்கூடக் கேக்கும். அங்கயும் ஒரு குழாய் ஸ்பீக்கர் இருந்துச்சு.

இப்ப எதுக்குப் போறேன்னா, என் சம்சாரத்தைக் கூட்டியாரப் போறேன். அவ பொண்ணு வீட்டுக்குப் போயி அஞ்சு மாசம் ஆச்சுங்க. இன்னைக்கு எப்படியும் கூட்டிட்டு வந்தர்றதுன்னுதான் கெளம்பியிருக்கேன். நான் வர்றது அவளுக்குத் தெரியாது. சொன்னா வேண்டாம்னுருவா. சொல்லாமப் போயி வாசல்ல நின்னுட்டா மாப்பிள்ளை முன்னாடி என்ன பண்ணுவா? சேலையை மடிச்சு பையில வெச்சுத்தான ஆகணும். எப்படி நம்ம ஏற்பாடு?

சண்டையான்னு நினைக்காதீங்க. எங்களுக்குள்ள சண்டையே கெடையாதுங்க. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்துல கமலவேணி என்னை எதுத்து ஒரு வார்த்தை பேசினதில்ல. நான் என்ன சொன்னாலும் "ம்." அவ்வளவுதான். எங்க சொந்தத்துல எல்லாரும் சொல்லுவாங்க, குடும்பம்னா நாச்சிமுத்து குடும்பம் மாதிரி இருக்கணும்னு. அப்படி இருந்த குடும்பமுங்க. ஒரு ஸ்பீக்கர்னால இப்படி ஆயிப்போச்சு. ஒண்ணுன்னு சொல்லக்கூடாது. எட்டு.

ரிட்டயர் ஆன புதுசுல ஒரு மாசம் வீட்டுல சும்மா உக்காந்திருந்தேன் பாருங்க, என்னால தாங்க முடியல. வீட்டுல சத்தமே இல்லீங்க. நீங்களே சொல்லுங்க, பஸ் ஸ்டாண்டுல சத்தம் நின்னா என்ன அர்த்தம்? பஸ் ஓடலேன்னு அர்த்தம். ஒண்ணு ஸ்ட்ரைக்கு, இல்லாட்டி பந்த், அதுவும் இல்லாட்டி யாரோ பெரிய மனுசன் போயிட்டார்னு அர்த்தம். இருபத்தாறு வருஷம் அப்படிப் பழகினவனைக் கொண்டு போயி சத்தமில்லாத வீட்டுல உக்கார வெச்சா எழவு வீட்டுல உக்காந்த மாதிரிதான இருக்கும்? யாரு செத்துப்போனதுன்னுதான் தெரியல.

அப்பத்தான் இந்த யோசனை. கோயமுத்தூர்ல இருந்து ஆளுங்க வந்து மூணு நாள் வேலை பாத்தாங்க. ஹாலு, சமையல்கட்டு, சாமி ரூமு, படுக்கற ரூமு ரெண்டு, மாடி ரூமு, பாத்ரூமு, பின்னாடி துணி தொவைக்கற எடம். மொத்தம் எட்டு. எட்டுலயும் ஸ்பீக்கர். கண்ட்ரோல் ஒரே எடத்துல, என் நாற்காலிக்குப் பக்கத்துல. மொதல்ல சுவிட்சு போர்டு வெச்சாங்க, அப்புறம் இந்தப் போனுக்குள்ளயே கொண்டுவந்துட்டாங்க. இந்தா பாருங்க. இது ஹாலு, இது சமையல்கட்டு. விரலால இப்படித் தள்ளினா சத்தம் ஏறும், இப்படித் தள்ளினா எறங்கும். இப்ப இந்தப் பஸ்ஸுல உக்காந்துக்கிட்டே என் வீட்டுச் சாமி ரூமுல பாட்டுப் போட முடியும். போட்டும் காட்டறேன், இருங்க. போட்டுட்டேன். இப்ப அங்க பாடிட்டிருக்கும். கேக்கத்தான் ஆளில்ல.

டிவியும் அப்படித்தானுங்க. ஹால்ல ஒண்ணு, படுக்கற ரூமுல ஒண்ணு, சமையல்கட்டுல சின்னதா ஒண்ணு. மூணுக்கும் கேபிள் பொட்டி ஒண்ணுதான். நான் ஹால்ல என்ன வெக்கறனோ அதே படம் மூணுலயும் ஓடும். மத்த வீடுகள்ல பாருங்க, ஆளுக்கொரு ரூமு, ஆளுக்கொரு படம், ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கறதில்ல. எங்கூட்டுல அது கெடையாது. அவ சமையல்கட்டுல நின்னு பாத்தாலும் நான் ஹால்ல உக்காந்து பாத்தாலும் ரெண்டு பேரும் ஒண்ணாப் பாக்கற மாதிரிதான.

அவளுக்குச் சாயந்தரம் ஏழு மணிக்கு ஒரு சீரியல் உண்டு. எனக்கு ஏழு மணிக்குச் செய்தி. நான் செய்திக்கு மாத்தினா அங்கயும் மாறிக்கும். அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. அந்தச் சீரியல்ல வர்ற மருமக வீட்டை விட்டுப் போனாளே, திரும்பி வந்தாளா இல்லியான்னு அவளுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. எனக்கும் தெரியாதுங்க. அதுல நாங்க சமம்.

மைக்கும் வெச்சிருந்தேன். வேணும்னா மைக்கை எடுத்து, நம்ம பழைய கொரல்ல, "சமையல்கட்டில் உள்ள கமலவேணி அவர்களின் கவனத்திற்கு. ஹாலில் ஒரு காபி தேவைப்படுகிறது." மொத நாள் அதைக் கேட்டுட்டு அவ சேலைத் தலைப்பால வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சா பாருங்க. அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. நல்லாச் சிரிச்சா. பொறவு சிரிச்ச மாதிரி ஞாபகமில்ல. ஆனாக் காபி வந்துரும்.

பதில் சொல்லுவாளான்னு கேக்கறீங்களா? அறிவிப்புக்கு எதுக்குங்க பதில்? பஸ் ஸ்டாண்டுல நான் அறிவிப்புச் சொன்னா ஜனங்க பேசாமப் போயி பஸ்ஸுல ஏறிக்குவாங்க. யாராவது ரூமு வாசல்ல வந்து நின்னு திருப்பிப் பேசினா ஏதோ பஸ் வரல, எங்கயோ தப்பு நடந்திருக்குதுன்னு அர்த்தம். பேசாம இருந்தா எல்லாம் சரியா ஓடுதுன்னு அர்த்தம். இருபத்தாறு வருஷம் நான் கத்துக்கிட்டது அது. அவ பேசாமத்தான் இருந்தா. அப்ப நான் என்னன்னு நினைக்கறது? எல்லாம் சரியா ஓடுதுன்னுதான.

ஒரே ஒரு தொந்தரவு இருந்துச்சுங்க, எலி. சமையல்கட்டு ஸ்பீக்கர் மட்டும் அடிக்கடி சத்தம் கம்மியாயிரும். ஸ்பீக்கருக்குள்ள இருக்கற காயில் போயிருச்சுன்னு ரெண்டு தடவை புதுசு மாத்தினேன். மூணாவது தடவை நானே ஸ்டூல் போட்டு ஏறிக் கழட்டிப் பாத்தா உள்ள ஒரே துணி. அவளோட பழைய சேலைத் துணி, நல்லா மடிச்சு மடிச்சுத் திணிச்சிருக்குது. எலி கூடு கட்டறதுக்கு அப்படித்தான் இழுத்துட்டுப் போகுமாமே. எவ்வளவு நேர்த்தியா வெச்சிருந்துச்சுங்கறீங்க! அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். பாத்துட்டு "ம்"னா. பொறி வாங்கி வெச்சேன், தேங்காச்சில்லைச் சுட்டு வெச்சேன். ஒரு மாசம் வெச்சும் அந்த எலி விழவே இல்லீங்க. ஆனாத் துணி மட்டும் மறுபடி மறுபடி உள்ள போயிட்டே இருந்துச்சு. கெட்டிக்கார எலி.

இப்பத்தான் விசயத்துக்கு வர்றேன். மாசி மாசம், ஒரு செவ்வாக்கெழமை, காலைல பத்து மணி இருக்கும். செவ்வாக்கெழமைன்னா முருகன் பாட்டு, எட்டு இடத்திலும் நல்லாச் சத்தமா வெச்சிருவேன். நான் ஹால்ல பேப்பர் படிச்சிட்டிருக்கேன். அவ பின்னாடி துணி தொவைக்கப் போனவ, சோப்புத் தண்ணியில கால் வெச்சு வழுக்கி விழுந்துட்டா. இடுப்புக்குக் கீழ எலும்பு முறிஞ்சுபோச்சு. எந்திரிக்க முடியல. கூப்பிட்டிருக்கா.

எனக்குக் கேக்கலீங்க. அவ தலைக்கு மேலயேதான் ஒரு ஸ்பீக்கரு. அதைத் தாண்டி அவ கொரல் எங்க வந்து சேரும்? பக்கத்து வீட்டு ரத்தினம்மா மொட்டை மாடியில வடகம் காயப்போட வந்தவங்க எட்டிப் பாத்துட்டு, ஓடி வந்து எங்கூட்டு வாசக்கதவைத் தட்டியிருக்காங்க. அதுவும் கேக்கல. அப்புறம் அவங்க வீட்டுக்குப் போயி எனக்குப் போன் பண்ணினாங்க. இதுல ஒரு வசதி உண்டு, போன் வந்தா பாட்டு தானா நின்னுரும். எட்டு இடத்திலும் நிக்கும். நின்னுச்சு. அப்பக் கேட்டேன். பின்னாடி இருந்து, "ஏனுங்க... ஏனுங்க..."ன்னு. கத்தலீங்க. கத்தறதுக்கெல்லாம் தெம்பு இல்ல. சும்மா சொல்லிக்கிட்டே இருந்த மாதிரி இருந்துச்சு. நாப்பது நிமிசம் அப்படியே கெடந்து கூப்பிட்டாளாம்.

ஓடினேன். நானும் ரத்தினம்மாவுமாச் சேந்து அவளைத் தூக்கினோம். ஆஸ்பத்திரிக்குப் போற வரைக்கும் அவ தலையை மடியிலதான் வெச்சிருந்தேன்.

ஆனா யோசிச்சுப் பாருங்க, இதுல என் தப்பு என்ன இருக்குது? நான் நல்லா உக்காந்து யோசிச்சேன். கோளாறு எங்கன்னா, எங்கூட்டுல இருக்கறதெல்லாம் போற ஒயரு. வர்ற ஒயரு ஒண்ணுகூட இல்ல. ஹால்ல இருந்து சத்தம் போகும், அங்கிருந்து ஹாலுக்கு வராது. அமைச்சதுலயே குறை. அதைக் கண்டுபிடிச்ச உடனே நான் சும்மா இருக்கலீங்க. அவ ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டுப் படுத்திருக்கறப்பவே ஆளை வரச்சொல்லி எட்டு இடத்திலும் மைக்கு மாட்டிட்டேன். மாட்டி முடிச்ச கையோட நேரா ஆஸ்பத்திரிக்குப் போயி அவகிட்டச் சொன்னேன். "இனி நீ எங்க விழுந்தாலும் எனக்குக் கேக்கும் கமலா." அவ அந்தப் பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா. வலிங்க, பாவம்.

ஆஸ்பத்திரியில இருந்து பொண்ணு நித்யகலா அவளைப் பொள்ளாச்சிக்குக் கூட்டிட்டுப் போயிருச்சு. மாடிப்படி இல்லாத வீடு, பாத்துக்கவும் ஆள் இருக்குது, சரின்னு நானும் விட்டுட்டேன். மூணு மாசத்துல எலும்பு கூடிருச்சு. நல்லா நடக்கறா. சமையலே அவதான் பண்றாளாம். ஆனா வர மாட்டேங்கறா. நான் போன் பண்ணினா "ம், சொல்லுங்க." நான் சொல்லுவேன். சொல்லி முடிச்சா, "ம், வெக்கட்டுங்களா?" இதுதான் பேச்சு.

போன மாசம் நித்யகலாதான் சொல்லுச்சு. "அப்பா, அம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறாங்க. அந்த ஸ்பீக்கரையெல்லாம் கழட்டிருங்க. கழட்டிட்டேன்னு சொல்லுங்க, அன்னைக்கே நானே கொண்டுவந்து விடறேன்"னு. நான் விளையாட்டுக்குச் சொல்லுதுன்னு நினைச்சேன். "எதுக்கு கண்ணு? அம்மாவுக்காகத்தான அதெல்லாம்"னேன். அதுக்குப் பொண்ணு, "நீங்க ஒரே ஒரு நாள் எல்லாத்தையும் நிறுத்திட்டு இருந்து பாருங்கப்பா"ன்னுச்சு.

இருந்து பாத்தேன் தம்பி. பாக்காம இல்ல. அடுத்த நாள் காலைல எந்திரிச்சு எதையும் போடல. பல்லு வெளக்கினேன், காபி போட்டேன், உக்காந்தேன். ஃபிரிஜ்ஜு ஓடற சத்தம் கேக்குது. கடியாரம் கேக்குது. டம்ளரைக் கீழ வெச்சா அந்தச் சத்தம் மாடி வரைக்கும் போயிட்டு வருது. எனக்குப் பயமா இருந்துச்சுங்க. சிரிக்காதீங்க, நெசமாலுமே பயம். திருடனுக்குப் பயப்படற பயமில்ல. அந்த வீட்டுல ஆளில்லேங்கறது அப்பத்தான் எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. அதுவரைக்கும் தெரியாம இருந்துச்சு. பதினொரு மணி வரைக்கும் தாக்குப் பிடிச்சேன். அப்புறம் முடியல, எட்டையும் ஒண்ணாப் போட்டு விட்டுட்டேன்.

இப்ப என்ன பண்றேன்னா, எட்டு இடத்திலும் ஒரே பாட்டு வெக்கறதில்ல. மாத்தி மாத்தி வெக்கறேன். மாடி ரூமுல நாலு பேரு சண்டை போடற அரசியல் பேச்சு. சாமி ரூமுல பாட்டு. சமையல்கட்டுல சமையல் நிகழ்ச்சி ஒண்ணு வருது பாருங்க, ஒரு பொம்பளை பேசிக்கிட்டே தாளிக்கும், அதை அங்க வெச்சு விட்டுருவேன். நான் ஹால்ல கண்ணை மூடி உக்காந்திருந்தா வீடு நெறைய ஆளு இருக்கற மாதிரி இருக்கும். கடுகு வெடிக்கற சத்தம் கேக்கும். எந்திரிச்சுப் போயிப் பாத்தா அடுப்பு சும்மா இருக்கும். ஒரு நாள் மறந்து மைக்கை எடுத்து, "ஹாலில் ஒரு காபி"ன்னு சொல்லிட்டேன். சொல்லிட்டு உக்காந்தே இருந்தேன்.

மாட்டின மைக்கையும் ஆன் பண்ணிப் பாப்பேனுங்க. அந்தந்த ரூமுல என்ன சத்தம் இருந்தாலும் ஹாலுக்கு வரும்னுதான மாட்டினது. என்ன வரும்? நான் போட்டு விட்ட பாட்டே எங்கிட்டத் திரும்பி வருது. தனியா இருக்கறது கொடுமைங்க தம்பி. எதிரிக்கும் வேண்டாம்.

அதனாலதான் கழட்ட மனசு வரல. ஆனா அதுக்காக நான் பிடிவாதக்காரன் இல்ல. அவ பக்கமும் யோசிச்சு ஒரு வழி பண்ணியிருக்கேன். இந்தப் பையில என்ன இருக்குது தெரியுங்களா? ரிமோட்டு. சமையல்கட்டு ஸ்பீக்கருக்குன்னே தனியா அவளுக்காகச் செஞ்சு வாங்கினது. இனிமே சமையல்கட்டுச் சத்தம் அவ கையில. ஏத்தலாம், எறக்கலாம், எல்லாம் அவ இஷ்டம். முழுசா நிறுத்த மட்டும் முடியாது. சத்தம் ரெண்டாம் நம்பருக்குக் கீழ போகாத மாதிரி நான்தான் வெக்கச் சொன்னேன். சுத்தமா நின்னுபோச்சுன்னா நான் அறிவிப்புச் சொன்னா எப்படிக் கேக்கும்? வேற யாருங்க இந்தளவுக்கு எறங்கி வருவாங்க? இதைக் கையில குடுத்தன்னா சந்தோசத்துல உடனே கெளம்பிருவா பாருங்க.

உடுமலை வந்துருச்சுங்களா? டீ குடிக்கறதுன்னா எறங்கிக் குடிங்க, பத்து நிமிசம் நிக்கும். வேண்டாமா? நானும் எறங்கல. இந்த ஸ்டாண்டு மைக்கு கரகரங்குது பாருங்க, வாயை ரொம்பப் பக்கத்துல வெச்சுப் பேசறாரு. நாலு விரல் அளவு தள்ளி வெச்சுப் பேசணும். சொன்னாக் கேக்க மாட்டாங்க. பஸ் கெளம்பிருச்சு. கெளம்பும்போதே டிரைவர் பாட்டுப் போட்டுட்டாரு. நல்லது, வழி தெரியாமப் போயிரும்.

கொஞ்சம் இருங்க தம்பி. கோமங்கலம் தாண்டறதுக்குள்ள ஒரு போன் போட்டு வீட்டுல இருக்காங்களான்னு கேட்டுக்கறேன். கோயில் குளம்னு எங்கயாவது போயிருந்தாப் பூட்டுன வீட்டு முன்னால நிக்கணும்.

ஹலோ. நித்யாவா கண்ணு? அப்பாதான். ஒண்ணுமில்ல, சும்மாத்தான் கூப்பிட்டேன். வீட்டுலதான் கண்ணு இருக்கேன். சத்தமா? டிவிதான் ஓடுது. ம். கொறைக்கறேன், கொறைக்கறேன். அம்மா இருக்குதா? குடு.

டிவின்னு சொன்னதும் நம்பிருச்சு பாருங்க. பஸ் சத்தத்துக்கும் எங்கூட்டுச் சத்தத்துக்கும் அதுக்கு வித்தியாசம் தெரியல. போனைச் சமையல்கட்டுக்குக் கொண்டு போகுது. இருங்க, சத்தமா வைக்கறேன், நீங்களும் கேளுங்க.

கேக்குதுங்களா? பாட்டு. பாத்தீங்களா தம்பி, பாத்தீங்களா? அங்க ரேடியோ வெச்சிருக்காங்க. என் வீட்டுல இருந்தா சத்தமாம், பொண்ணு வீட்டுல இருந்தா சங்கீதமாம். வரட்டும் கேக்கறேன். யாரு பாடறதுன்னு தெரியலியே. எனக்கு ரெண்டு வரி போதும், யாரு கொரல்னு சொல்லிருவேன். இது கேட்டதே இல்லாத கொரலா இருக்குது. மேளம் இல்ல, ஆர்மோனியம் இல்ல, வெறும் கொரலு. ஆனா நல்லா இருக்குதுங்க. அவசரமில்லாம, யாருக்குன்னும் இல்லாம, சும்மா பாடிக்கிட்டே...

நின்னுருச்சு.

கமலா? நான்தான். ம். சாப்ட்டேன். இப்ப அங்க ரேடியோ பாடுச்சே, எதுக்கு நிறுத்தினே? இல்லியா? ரேடியோ இல்லியா? அப்ப யாரு...

செரி.

ஒண்ணுமில்ல. இல்லம்மா, ஒண்ணும் சொல்லறதுக்கில்ல. சும்மாத்தான். நீ வேலையைப் பாரு. நான் பேசல. நீ பாரு.

வெச்சுட்டா. இல்ல, வெக்கலீங்க. கட் பண்ணாம எங்கயோ வெச்சுட்டுப் போயிட்டா. நம்பர் ஓடிக்கிட்டுத்தான் இருக்குது. ஏதோ பாத்திரச் சத்தம். அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல. கண்டக்டரே! கண்டக்டரே, அந்தப் பாட்டைச் சித்தெ நிறுத்தச் சொல்லுங்க. அட, ஒரு ரெண்டு நிமிசம். எல்லாரும் பாட்டுக் கேட்டுக்கிட்டு வர்றாங்க, தெரியும், எனக்குத் தெரியாதா? ரெண்டே நிமிசம் சாமி, கையெடுத்துக் கும்புடறேன்.

பேசாதீங்க தம்பி.

பாடறா.

விட்ட எடத்துல இருந்தே பாடறா.

கட்டாயிருச்சு. நித்யா வந்து எடுத்து வெச்சிருக்கும். பாட்டைப் போட்டுக்கச் சொல்லுங்க கண்டக்டரே, போதும்.

அவ பாடுவான்னு எனக்குத் தெரியாதுங்க. முப்பத்தெட்டு வருஷமாச்சு. கல்யாணத்துக்குப் பாக்கப் போனப்ப எங்க அம்மா கேட்டாங்க, பொண்ணு பாடுமான்னு. பொண்ணோட அப்பா ஏதோ சொன்னாரு. அதுக்குள்ள நான் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எந்திரிச்சுட்டேன். எங்கூட்டுல அவ ஒரு நாளும் பாடினதில்லீங்க. பாடியிருப்பாளோ என்னமோ. பாடியிருந்தாலும் எனக்கு எங்க கேட்டிருக்கப்போகுது?

நித்யாகிட்டச் சொல்லி அந்தச் சமையல்கட்டுல சின்னதா ஒரு மைக்கு வெச்சுட்டா, நான் வீட்டுல இருந்தே... இல்ல. வேண்டாமுங்க.

தம்பி, கொஞ்சம் காலை மடக்கிக்குங்க, நான் எறங்கிக்கறேன். கண்டக்டரே, கோமங்கலம் ஒண்ணு எறங்கணும். தெரியுமுங்க, சீட்டு பொள்ளாச்சிக்குத்தான் எடுத்தேன், இருக்கட்டும். எதிர்ப்பக்கம் நின்னா தாராபுரம் போறதுக்கு ஏதாவது வரும்.

கூட்டியாரத்தானே வந்தீங்கன்னு கேக்கறீங்க. ஆமாங்க, கூட்டியாரத்தான் வந்தேன். ஆனா நான் போயி அந்த வாசல்ல நின்னா, அவ நிறுத்திருவாளுங்க.